சம்மனை வாங்காவிட்டால் வழக்கு நின்றுவிடுமா?

சட்டம்: வாசகர் கேள்வி – பதில்

கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்களில் சம்மன், வக்கீல் நோட்டீஸ் பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்குச் சேர்த்து எடுத்திருக்கிறோம். தாள் உரியவருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பதிவாவதைக் கோர்ட் பேச்சில் ‘சார்வு’ என்பார்கள். பதில்களிலும் அந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறோம். தாளைக் கொண்டுவந்து கொடுக்கும் கோர்ட் ஊழியர்தான் ‘அமீனா’.

கேள்வி: பங்காளி என் மீது நில வழக்குப் போட்டிருக்கிறார். கோர்ட் அமீனா இரண்டு தடவை வீட்டுக்கு வந்துபோனார். “கையெழுத்துப் போட்டு வாங்கினால்தான் வழக்கு. வாங்காதே, தானாகத் திரும்பிப் போய்விடும்” என்கிறார் என் மச்சான். அவர் சொல்வது சரியா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: மச்சான் சொல்வதை ஊரில் பாதிப் பேர் நம்புகிறார்கள். அதனால்தான் இத்தனை ‘எக்ஸ்பார்ட்டி’ தீர்ப்புகள், அதாவது எதிர்த்தரப்பு வராமலேயே ஆகும் தீர்ப்புகள்.

சிவில் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 5, விதி 17 இதற்காகவே இருக்கிறது. நீங்கள் வாங்க மறுத்தாலோ, கையெழுத்துப் போட மறுத்தாலோ, முறையாகத் தேடியும் அகப்படாவிட்டாலோ, அமீனா சம்மன் நகலை வீட்டின் வெளிக்கதவில் அல்லது நன்றாகக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவிட்டுப் போகலாம். அசலின் பின்னால் எழுதி கோர்ட்டுக்குத் திருப்புவார். எந்தச் சூழ்நிலையில் ஒட்டினார், வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டினார் என்று பெயரும் விலாசமுமாக அந்த எழுத்தில் இருக்க வேண்டும். அதோடு அவருடைய பிரமாணப் பத்திரம் இல்லையென்றால் நீதிபதி அவரைக் கூப்பிட்டு விசாரித்தாக வேண்டும் (விதி 19; இனி வெறும் ‘விதி’ என்றால் கட்டளை 5-இன் விதியே). அதன் பிறகு ‘சார்வு ஆயிற்று’ என்று நீதிபதி பதிந்துவிட்டால், உங்கள் கையெழுத்து இல்லாமலேயே வழக்கு நகரும்.

தபாலில் வந்தாலும் இதே கதைதான். ‘வாங்க மறுத்தார்’ என்று தபால்காரர் எழுதிய கவர் திரும்பி வந்தால், சார்வு ஆனதாகவே கோர்ட் அறிவிக்கும் (விதி 9, உள்விதி 5). சரியான விலாசத்துக்கு ஒப்புகையோடு பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டை தொலைந்துபோய் 30 நாளில் வந்து சேராவிட்டாலும் அப்படியே அறிவிக்க அந்த விதி வழி விடுகிறது.

வாங்காமல் விட்டதில் உங்களுக்குத்தான் நஷ்டம். சம்மனோடு பிராது (வழக்குப் போட்டவரின் மனு) நகல் வரும். எதிராளி என்ன சொல்லியிருக்கிறார், எந்தச் சர்வே எண்ணைக் கேட்கிறார் என்பதெல்லாம் அதில் இருக்கும். வாங்கியிருந்தால் அன்றைக்கே வக்கீலிடம் கொடுத்திருக்கலாம்.

கேள்வி: நான் வேலைக்குப் போயிருந்தபோது சம்மனை என் மனைவி வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அது செல்லுமா? மகளுக்கு 16 வயது, அவள் வாங்கியிருந்தால்?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: சிவில் வழக்கில் மனைவி வாங்கியது செல்லும். கூடவே வசிக்கிற, வயது வந்த குடும்ப உறுப்பினர் ஆணோ பெண்ணோ வாங்கலாம் (விதி 15). நியாயமான காலத்துக்குள் நீங்கள் அகப்பட வாய்ப்பில்லை என்றால்தான் இப்படிக் கொடுக்கலாம் என்ற நிபந்தனை உண்டு. சாயங்காலம் வீடு திரும்புகிறவரைத் தேடி ஒரே ஒரு முறை காலை 11 மணிக்கு வந்துவிட்டுப் போனார் என்பதைப் பிறகு வாதமாக வைக்க முடியும். ஆனால் சம்மன் கையில் இருக்கும்போது அந்த வாதத்தில் என்ன லாபம்?

மகளிடம் கொடுத்தது செல்லாது. வீட்டு வேலைக்காரரிடம் கொடுத்ததும் செல்லாது. வேலையாள் குடும்ப உறுப்பினர் அல்ல என்று விதியே விளக்கம் சொல்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கதையும் அப்படித்தான்.

கிரிமினல் சம்மனில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. பழைய சட்டத்தில் வீட்டிலுள்ள வயது வந்த ஆணிடம் மட்டுமே கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய கிரிமினல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 66 அந்த ‘ஆண்’ என்ற சொல்லை எடுத்துவிட்டது.

கேள்வி: கடலூரில் உள்ள மனைக்காக கடலூர் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டேன். பிரதிவாதி குடியிருப்பது பாகூர் பக்கம். சம்மன் இரண்டு முறை ‘விலாசம் போதாது’ என்று திரும்பிவிட்டது. கடைசி வாய்தாவில் “உடனே ஸ்டெப்ஸ் எடுங்கள்” என்றார்கள். எங்கே தப்பு?
– வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: பெரும்பாலும் விலாசத்தில்தான். இந்தப் பகுதியில் அதற்குத் தனிக் காரணமும் இருக்கிறது. பாகூர், கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் எல்லாம் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். ஆனால் பின்கோடு கடலூரைப் போல 607-இல் தொடங்கும், பாகூருக்கு 607402. அதைப் பார்த்து ‘கடலூர் மாவட்டம்’ என்று எழுதிவிடுகிறார்கள். கடலூர் அமீனா அங்கே போகக்கூடாது, அவருடைய எல்லை முள்ளோடைக்கு இந்தப் பக்கமே முடிந்துவிடுகிறது. பிள்ளையார்குப்பம் என்ற பெயரில் புதுச்சேரிக்குள்ளேயே ஒன்றுக்கு மேல் ஊர் உண்டு. கொம்யூன் (புதுச்சேரியின் உள்ளாட்சிப் பகுதி) பெயரை எழுதாவிட்டால் தாள் வில்லியனூர்ப் பக்கம் சுற்றிவிட்டு வரும்.

விலாசத்தை இப்படி எழுதிக் கொடுங்கள்: தகப்பனார் அல்லது கணவர் பெயர், வயது, பழைய கதவு எண்ணும் புதிய எண்ணும், வீதி, அதன் குறுக்கு எண், அருகில் உள்ள கோயில் அல்லது ரேஷன் கடை, வருவாய்க் கிராமம், கொம்யூன், ‘புதுச்சேரி’, பின்கோடு. லாஸ்பேட்டை, ரெயின்போ நகர் போன்ற இடங்களில் குறுக்கு எண் விட்டுப்போனால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தெரிந்தால் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் சேருங்கள்.

இனி வழி. பிரதிவாதி வேறு மாநிலத்தில் அல்லது ஒன்றியப் பிரதேசத்தில் இருந்தால், சம்மனை அந்த இடத்துக்குரிய கோர்ட்டுக்கு அனுப்பிச் சார்வு செய்யச் சொல்வது சிவில் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 28-உம் கட்டளை 5-இன் விதி 21, 23-உம். கடலூர் கோர்ட் புதுச்சேரி கோர்ட்டுக்கு அனுப்பும். கடலூர் சாலையில் இருக்கும் கோர்ட் வளாகத்தில், சம்மன்களைக் கவனிக்கும் நாசர் பிரிவில் அது பதிவாகி, அங்குள்ள அமீனா போய்க் கொடுத்து, அறிக்கை திரும்பி வரும். இரண்டு ஊருக்கும் நடுவில் பஸ் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். தாளுக்கு வாரங்கள் ஆகும். அதனால் வாய்தாவைக் குறுகிய தேதியாகக் கேட்காதீர்கள். வாய்தா தேதி கடந்த பிறகு சம்மன் கையில் சேர்ந்தால் அது வீண், மறுபடி முதலிலிருந்து.

கோர்ட் வழியாக அனுப்பும்போதே தபால் வழியையும் சேர்த்துக் கேளுங்கள். பிரதிவாதி மாஹேயிலோ ஏனாமிலோ இருந்தால் அங்குள்ள கோர்ட்டின் பதிவு மலையாளத்திலோ தெலுங்கிலோ இருக்கலாம். அப்போது இந்தி அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்ந்து வர வேண்டும். பாகூருக்கு அந்தத் தொல்லை இல்லை.

‘ஸ்டெப்ஸ்’ என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சம்மன் திரும்பி வந்த நாளிலிருந்து 7 நாளுக்குள் புதிய சம்மனுக்கு மனுச் செய்யாவிட்டால், அந்தப் பிரதிவாதி மீதான வழக்கைத் தள்ளுபடி செய்யக் கட்டளை 9, விதி 5 சொல்கிறது. தகுந்த காரணம் காட்டினால் கோர்ட் நேரம் கொடுக்கலாம். தள்ளுபடியானாலும் காலக்கெடு மீதமிருந்தால் மறுபடி வழக்குப் போடலாம். ஆனால் கோர்ட் கட்டணத்தை இரண்டாம் முறை கட்ட யாருக்கு மனம் வரும்?

கேள்வி: சம்மன் அனுப்ப எவ்வளவு செலவாகும்? வக்கீல் குமாஸ்தா ஒவ்வொரு முறையும் ‘பேட்டா’ என்று ஒரு தொகை வாங்குகிறார்.
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: பேட்டா என்பது சம்மனைக் கொண்டுபோய்க் கொடுக்க கோர்ட்டுக்குக் கட்டும் கட்டணம். தமிழ்நாட்டுக்கு 1955-ஆம் வருடத்துக் கோர்ட் கட்டணச் சட்டம், புதுச்சேரிக்கு 1972-ஆம் வருடத்துச் சட்டம். அட்டவணை வேறுவேறு, கோர்ட்டின் தரத்தைப் பொறுத்தும் மாறும். உங்கள் கோர்ட்டின் அட்டவணையை நாசர் பிரிவில் கேட்டால் சொல்வார்கள். தொகை பெரிதல்ல. ஒவ்வொரு பிரதிவாதிக்கும், ஒவ்வொரு மறு சம்மனுக்கும் கட்ட வேண்டியிருப்பதால்தான் ஏறுகிறது. குமாஸ்தாவிடம் எத்தனை பிரதிவாதிக்கு எந்த வாய்தாவுக்குக் கட்டினார் என்று குறித்து வாங்குங்கள். பேட்டா கட்டாததால் சம்மன் போகவில்லை என்றால் அதற்கே வழக்கைத் தள்ளுபடி செய்யலாம் (கட்டளை 9, விதி 2). வழக்குகள் இப்படிச் சாவது நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

பணம் நிஜமாகப் போவது நகலுக்கும் தபாலுக்கும். ஒவ்வொரு சம்மனோடும் பிராது நகல் இணைக்க வேண்டும். ஆறு பிரதிவாதி, 30 பக்கம் என்றால் ஜெராக்ஸ் மட்டும் 180 பக்கம்.

தபால் கணக்கு 2025-இல் மாறிவிட்டது. பதிவுத் தபால் தனிச் சேவையாக இல்லை, ஸ்பீட் போஸ்டோடு இணைந்துவிட்டது. 2025 அக்டோபர் கட்டணப்படி 50 கிராம் வரை ஊருக்குள் ₹19, வெளியூருக்கு ₹47. 51 முதல் 250 கிராம் வரை ஊருக்குள் ₹24, 200 கிலோமீட்டருக்குள் ₹59. ‘ரெஜிஸ்ட்ரேஷன்’ வேண்டும் என்று கேட்டால் கூடுதலாக ₹5. எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஏ4 தாள் ஒன்று சுமார் 5 கிராம். கவரோடு சேர்த்து எட்டுத் தாளைத் தாண்டினாலே 50 கிராம் தாண்டும். ஆக, 30 தாள் கொண்ட கட்டு கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு 59 + 5 = 64, ஜிஎஸ்டி சேர்த்து சுமார் ₹75.50.

அந்த ஐந்து ரூபாயில் கஞ்சத்தனம் வேண்டாம். வெறும் ஸ்பீட் போஸ்ட் விலாசத்தில் இருக்கும் யாரிடமும் கொடுக்கப்படலாம். ரெஜிஸ்ட்ரேஷன் சேர்த்தால் பெயர் போட்டவரிடம் அல்லது அவர் அதிகாரம் கொடுத்தவரிடம் மட்டும். நாளைக்கு “எனக்கு வரவில்லை, மாடி வீட்டுக்காரர் வாங்கியிருக்கிறார்” என்று எதிராளி சொல்லாமல் இருக்க அந்த ஐந்து ரூபாய்தான் காப்பு. ரசீதில் உள்ள எண்ணை வைத்து, கவர் சேர்ந்ததும் டெலிவரி விவரத்தை அன்றே பிரிண்ட் எடுத்து வழக்குக் கட்டோடு வைக்கவும். மாதக்கணக்கில் விட்டால் அது வலைத்தளத்தில் கிடைக்காமல் போகும்.

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் உள்ளிட்டோர் 1987-ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் பிரிவு 12-இன்படி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம். பேட்டா போன்ற செலவும் அதில் அடங்கும்.

கேள்வி: சம்மனை நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமா? எதிராளி வீடு இரண்டு தெரு தள்ளித்தான்.
– வாசகர், பண்ருட்டி

பதில்: கோர்ட்டிடம் மனுப் போட்டு அனுமதி வாங்கினால் கொடுக்கலாம் (விதி 9ஏ). ‘தஸ்தி’ என்று கேளுங்கள். கையெழுத்தும் முத்திரையும் உள்ள நகலைக் கோர்ட் தரும். நேரில் கொடுத்து, அசலில் கையெழுத்தும் தேதியும் வாங்கி, பிரமாணப் பத்திரத்தோடு தாக்கல் செய்ய வேண்டும். அவர் மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், கதவில் ஒட்டவும் வேண்டாம். ஒட்டும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. திரும்பி வந்து மனுப் போட்டால் கோர்ட் தானே மறு சம்மன் அனுப்பும். பகையுள்ள குடும்பத்தில் தஸ்தி எடுத்துப்போவதைவிட அமீனாவையே அனுப்புவது நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம்.

கேள்வி: முதலியார்பேட்டைக்காரர் ஒருவர் எனக்குக் கொடுத்த ₹1,80,000 செக் பணமில்லை என்று திரும்பியது. நோட்டீஸ் அனுப்பினேன்; கவர் ‘கதவு பூட்டி, தகவல் தரப்பட்டது’ என்று எழுதி வந்துவிட்டது. மறுபடி அனுப்ப வேண்டுமா? வழக்கு புதுச்சேரியில்தான் போட வேண்டுமா?
– வணிகர், கடலூர்

பதில்: மறுபடி அனுப்பிக் காலத்தைக் கரைக்காதீர்கள். இந்த வழக்கில் எதிராளியைவிடப் பெரிய எதிரி நாட்காட்டி.

செக்கை அதன் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட்டிருக்க வேண்டும். திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ். நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து அவருக்கு 15 நாள். அதற்குள் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். ஒரு கணக்குப் பாருங்கள்: வங்கி மெமோ மார்ச் 3-இல் வந்தால் நோட்டீஸ் ஏப்ரல் 2-க்குள் போக வேண்டும். ஏப்ரல் 8-இல் அவர் வாங்கினால் ஏப்ரல் 23 வரை அவருக்கு நேரம். 24-இல் வழக்குக்குக் காரணம் பிறக்கிறது. மே 24-க்குள் புகார் தாக்கலாக வேண்டும். ஏப்ரல் 20-இல் போட்டால் காலத்துக்கு முந்திய புகார், செல்லாது. மே 24 தாண்டினால் தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டி மன்னிக்கக் கேட்க வேண்டும்.

பூட்டிய கதவு விஷயம். சரியான விலாசமிட்டு, முழுத் தபால் கட்டணம் கட்டி, பதிவோடு அனுப்பியது வழக்கமான நேரத்தில் போய்ச் சேர்ந்ததாகவே கருத பொது வாசகங்கள் சட்டத்தின் பிரிவு 27 அனுமதிக்கிறது. தபாலகம் சீட்டு வைத்துவிட்டு ஏழு நாள் காத்திருந்து திருப்பிய கவருக்கும் இந்த ஊகம் பொருந்தும். எனக்கு வரவில்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. 2007-இல் அலவி ஹாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது: நோட்டீஸ் வரவில்லை என்கிறவர், கோர்ட் சம்மன் கிடைத்த 15 நாளில் செக் தொகையைக் கட்டிவிட்டு வழக்கைத் தள்ளக் கேட்கலாம், அதைச் செய்யாதவர் நோட்டீஸைக் காரணம் காட்ட முடியாது.

திரும்பி வந்த கவரைப் பிரிக்காதீர்கள். ஆர்வத்தில் பிரித்துப் பார்த்துவிட்டு, உள்ளே இருந்தது இந்த நோட்டீஸ்தான் என்று பிறகு நிரூபிக்க அலைவார்கள். ஒட்டிய கவரை அப்படியே தாக்கல் செய்யுங்கள். எழுதியிருப்பது ‘விலாசத்தில் இல்லை’ அல்லது ‘அப்படி ஒருவர் இல்லை’ என்றால் நிலைமை வேறு. அப்போது அந்த 30 நாள் கெடு இன்னும் முடியாமலிருந்தால் சரியான விலாசத்துக்கு மறுபடி அனுப்பத்தான் வேண்டும். இதற்காகவே வீடு, கடை என்று தெரிந்த எல்லா விலாசத்துக்கும் ஒரே நாளில் அனுப்பிவிடுவது வழக்கம்.

நோட்டீஸில் செக் தொகையை மிகச் சரியாகக் கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ₹1,80,000 செக்குக்கு ₹2,00,000 என்று மொத்தமாகக் கேட்டால் நோட்டீஸே செல்லாது; தட்டச்சுப் பிழை என்ற சமாதானமும் எடுபடாது என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வட்டி, வக்கீல் செலவு கேட்பதென்றால் தனி வரியில்.

வழக்குக் கடலூரில்தான். செக்கை உங்கள் கணக்கில் வரவு வைக்கக் கொடுத்திருந்தால், உங்கள் கணக்கு எந்த வங்கிக் கிளையில் இருக்கிறதோ அந்த எல்லையின் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கே அதிகாரம் (மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 142, உட்பிரிவு 2). எதிராளி புதுச்சேரிக்காரர் என்பதால் நீங்கள் அங்கே அலைய வேண்டியதில்லை.

கேள்வி: வாட்ஸப்பில் ஒரு சம்மன் வந்திருக்கிறது. போலீஸ் என்கிறார்கள். செல்லுமா, மோசடியா?
– வாசகி, அரியாங்குப்பம்

பதில்: இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவரை விசாரணைக்கு ஆஜராகச் சொல்லி போலீஸ் தரும் நோட்டீஸை (புதிய கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 35) வாட்ஸப்பில் அனுப்பக்கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அது சட்டப்படி நேரில் தரப்பட வேண்டும். கோர்ட்டின் சம்மன் வேறு. கோர்ட் முத்திரையின் படம் உள்ள சம்மனை மின்னணு முறையிலும் அனுப்ப, மாநில விதிகளுக்கு உட்பட்டு, புதிய சட்டத்தில் இடம் இருக்கிறது.

நிஜமான கோர்ட் சம்மனில் கோர்ட்டின் பெயர், வழக்கு எண், வாய்தா தேதி இருக்கும். வழக்கு எண்ணையோ ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர் எண்ணையோ இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டால் வழக்கு இருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரியும். இல்லையென்றால் கோர்ட்டுக்கே நேரில் போய்க் கேளுங்கள். வீடியோ காலில் வந்து “டிஜிட்டல் அரெஸ்ட்” என்று மிரட்டிப் பணம் கேட்டால் அது மோசடி. அப்படி ஒரு கைதே சட்டத்தில் இல்லை. உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

நீங்களே யாருக்காவது வாட்ஸப்பில் நோட்டீஸ் அனுப்புவதானால் அதைத் தபாலுக்குத் துணையாக மட்டும் வையுங்கள். இரண்டு நீல டிக்கின் ஸ்கிரீன்ஷாட்டைக் கோர்ட்டில் கொடுக்க, பாரதிய சாட்சிய சட்டத்தின் பிரிவு 63-இன்படி சான்றிதழும் வேண்டும்.

கேள்வி: அப்பாவின் வீட்டைப் பாகம் பிரிக்க வழக்குப் போடப்போகிறேன். அண்ணன் பிரெஞ்சுக் குடிமகன், பாரிஸ் பக்கம் இருக்கிறார். அவருக்கு எப்படிச் சம்மன் அனுப்புவது? இங்குள்ள பழைய வீட்டுக் கதவில் ஒட்டினால் போதுமா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: போதாது. அண்ணன் அங்கே குடியிருக்கிறார் என்று தெரிந்துகொண்டே இங்கே ஒட்டி வாங்கிய தீர்ப்பு, அவர் ஒரு மனுப் போட்டால் ஆட்டம் கண்டுவிடும்.

முதலில் ஒரு குறுக்கு வழி இருக்கிறதா பாருங்கள். அண்ணன் இங்கே யாருக்காவது பவர் எழுதிக் கொடுத்திருக்கிறாரா? அதில் வழக்குத் தாள்களைப் பெற்றுக்கொள்ளும் அதிகாரம் இருந்தால் அந்த முகவரிடம் சார்வு செய்யலாம். வாடகை வசூலிக்க மட்டும் கொடுத்த பவர் என்றால் பத்திரத்தை வரி வரியாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

இல்லையென்றால் ஹேக் சார்வு உடன்படிக்கை (1965). பிரான்ஸ் அதில் உண்டு. இந்தியா 2006-இல் சேர்ந்து, 2007 ஆகஸ்ட் 1 முதல் நமக்கு நடைமுறை. கோர்ட் வழியாகத் தாள்கள் டெல்லியில் உள்ள மத்திய சட்ட அமைச்சகத்துக்குப் போய், அங்கிருந்து பிரான்ஸின் மைய அதிகாரிக்குப் போகும். உடன்படிக்கையில் உள்ள மாதிரிப் படிவம், சம்மன், பிராது, ஆவணங்கள் எல்லாம் இரண்டு பிரதி. பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு அனுப்புங்கள். செலவு முக்கியமாக இந்த மொழிபெயர்ப்புதான். புதுச்சேரியில் அதற்கு ஆள் கிடைப்பது உங்களுக்கு ஒரு சௌகரியம். பிராதைச் சுருக்கமாக எழுதச் சொன்னால் மொழிபெயர்ப்புக் கட்டணமும் சுருங்கும்.

தபால் வழியும் உண்டு. வெளிநாட்டில் இருப்பவருக்கு நேரடியாகத் தபாலில் சம்மன் அனுப்பக் கட்டளை 5, விதி 25 அனுமதிக்கிறது. பிரான்ஸும் தபால் சார்வை ஆட்சேபிக்காத நாடு. இரண்டையும் சேர்த்துச் செய்வது உத்தமம். வாய்தாவை ஐந்தாறு மாதம் தள்ளிக் கேளுங்கள். அனுப்பி 6 மாதத்துக்குக் குறையாமல் காத்திருந்தும், முயன்றும், எந்தச் சான்றும் வராவிட்டால் வழக்கை மேலே நடத்த உடன்படிக்கையின் 15-ஆம் பிரிவில் வழி இருக்கிறது.

பிரான்ஸில் தாள் கொண்டுவருபவரை ‘உய்ஸியே’ என்பார்கள். பிரெஞ்சுக் காலத்துப் புதுச்சேரியில் கேட்ட பெயர்தான். 2022 முதல் அங்கே அந்தப் பதவிக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். அண்ணனுக்கு அப்படி ஒருவர் வந்து கொடுத்தால் தயங்காமல் வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டு வாசலில் அமீனா ஜப்திக்கு வந்து நின்றபோதுதான் என் மீது தீர்ப்பு ஆகியிருப்பதே தெரிந்தது. பேப்பரில் விளம்பரம் கொடுத்து எக்ஸ்பார்ட்டி வாங்கியிருக்கிறார்களாம். தீர்ப்பாகி 14 மாதம் ஆகிறது. இனி வழி உண்டா?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: உண்டு. ஆனால் இன்றிலிருந்து எண்ண ஆரம்பியுங்கள்.

பிரதிவாதி வேண்டுமென்றே தட்டிக்கழிக்கிறார் அல்லது சாதாரண வழியில் சார்வு செய்ய முடியவில்லை என்று நீதிபதிக்குத் திருப்தி ஏற்பட்டால்தான் விளம்பரச் சார்வு (விதி 20). நீங்கள் கடைசியாக வசித்ததாகத் தெரிந்த பகுதியில் விற்பனையாகும் தினசரியில் அது வர வேண்டும். விருத்தாசலத்துக்காரருக்கு அந்தப் பக்கம் வராத பேப்பரில் போட்டிருந்தால் அதுவே ஒரு குறை.

எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யக் கட்டளை 9, விதி 13-இன்படி அதே கோர்ட்டில் மனுப் போட வேண்டும். கெடு 30 நாள். சாதாரணமாகத் தீர்ப்புத் தேதியிலிருந்து. சம்மன் முறையாகச் சார்வாகவில்லை என்றால் உங்களுக்குத் தீர்ப்புத் தெரிந்த நாளிலிருந்து. காலவரையறைச் சட்டத்தின் 123-ஆம் இனத்தில் ஒரு விளக்கம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை: விளம்பரம் போன்ற மாற்றுச் சார்வு, இந்தக் கெடுவுக்கு முறையான சார்வாகக் கருதப்படாது. ஆக, ஜப்திக்கு வந்த நாள்தான் உங்கள் தொடக்கம். அந்தத் தேதியை நிரூபிக்க அமீனா கொடுத்த தாள், அவர் அறிக்கை எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

உடனே செய்ய வேண்டியது: வக்கீல் மூலம் வழக்குக் கட்டைப் பார்வையிட்டு, சம்மன் திரும்பிய அறிக்கைகள் எல்லாவற்றுக்கும் சான்றிட்ட நகல் கேளுங்கள். ஒட்டியதாக எழுதியிருந்தால் அடையாளம் காட்டியவர் பெயர் இருக்கிறதா, அமீனாவின் பிரமாணப் பத்திரம் இருக்கிறதா, விலாசம் நீங்கள் நிஜமாகக் குடியிருந்ததா, அந்த மாதம் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ரத்து மனுவோடு, ஜப்தியை நிறுத்தி வைக்கத் தனி மனுவும் போட வேண்டும். ரத்து மனுப் போட்டதாலேயே ஜப்தி நிற்காது. நிறுத்தி வைக்க, தீர்ப்புத் தொகையில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லிக் கோர்ட் நிபந்தனை போடலாம். பணத்துக்குத் தயாராக இருங்கள்.

ஒன்றை மறைக்காதீர்கள். வழக்கு இருப்பதும் வாய்தா தேதியும் உங்களுக்கு முன்பே தெரிந்திருந்து, வந்து வாதாட நேரமும் இருந்திருந்தால், சார்வில் சின்னக் குறை என்பதற்காக மட்டும் தீர்ப்பை ரத்து செய்ய முடியாது என்று கட்டளை 9, விதி 13 சொல்கிறது. எதிராளிக்கு நீங்கள் அனுப்பிய ஒரு செய்தியில் ‘கேஸ்’ என்ற வார்த்தை இருந்தால் அதை நிச்சயம் கொண்டுவருவார்கள்.

கேள்வி: பிரதிவாதி இப்போது கடலூர் மத்திய சிறையில். சம்மன் எங்கே அனுப்புவது? இன்னொருவர் ரயில்வே ஊழியர்.
– வாசகர், சிதம்பரம்

பதில்: சிறையில் இருப்பவருக்குச் சிறை அதிகாரி வழியாக (விதி 24). கடலூர்க் கேப்பர் மலைச் சிறையானாலும் புதுச்சேரிக் காலாப்பட்டுச் சிறையானாலும் இதே முறை. ரயில்வே ஊழியருக்கு அவருடைய அலுவலகத் தலைவருக்குச் சம்மனையும், ஊழியருக்கான நகலையும் சேர்த்து அனுப்பலாம் (விதி 27). ராணுவத்தில் இருப்பவருக்குக் கட்டளை அதிகாரி வழி (விதி 28). எண்ணும் பிரிவும் இல்லாமல் வெறும் பெயரை எழுதி அனுப்பினால் எங்கேயும் போய்ச் சேராது.

கேள்வி: சம்மன் வாங்கிவிட்டேன். வக்கீல் வைக்க எத்தனை நாள் இருக்கிறது?
– வாசகி, வில்லியனூர்

பதில்: வாய்தா அன்று வக்கீல் வக்காலத்துப் போட வேண்டும். பதிலுரைக்குச் சம்மன் கிடைத்த நாளிலிருந்து 30 நாள். காரணம் காட்டினால் மொத்தம் 90 நாள் வரை கோர்ட் நீட்டலாம். ₹3 லட்சமும் அதற்கு மேலும் மதிப்புள்ள வணிகத் தகராறாக வணிக நீதிமன்றத்தில் இருந்தால் 120 நாள்தான் உச்சம். அதைத் தாண்டினால் பதிலுரை தரும் உரிமையே போய்விடும். நுகர்வோர் ஆணையத்தில் 30 நாள், மேலும் 15 நாள், அவ்வளவுதான். 46-ஆம் நாள் ஆணையத்தாலும் உதவ முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு சொல்லிவிட்டது.

சம்மனை வாங்கிய தேதியைக் கவரின் மேலேயே எழுதி வையுங்கள். பிராது நகல் முழுதாக இருக்கிறதா என்று பக்கங்களை எண்ணுங்கள். குறைந்தால் முதல் வாய்தாவிலேயே கோர்ட்டில் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். ஆஜரான பிறகு வீடு மாறினால் புதிய விலாசத்தைக் கோர்ட்டில் தாக்கல் செய்யுங்கள். நீங்கள் கொடுத்த விலாசம் வழக்கு முடிந்து இரண்டு வருடம் வரை செல்லும் (கட்டளை 6, விதி 14ஏ). மேல்முறையீட்டு நோட்டீஸ் பழைய வீட்டுக்கே போய்க்கொண்டிருக்கும்.